ஈ குடியேறிய ஊர்கள்

ஆப்பிரிக்காவின் செட்சி ஈ முட்டையிடுவதில்லை. தாயின் வயிற்றுக்குள்ளேயே முட்டை பொரிந்து, அங்கே சுரக்கும் பால் போன்ற ஒரு திரவத்தைக் குடித்துப் புழு வளர்கிறது. ஒன்பது, பத்து நாளுக்கு ஒருமுறை ஒரே ஒரு புழுவைத்தான் அது ஈனும். நிழல் விழும் இடமாகப் பார்த்து, பொலபொலப்பான மண்ணில் புழுவை இட்டுவிட்டுத் தாய் பறந்துவிடும். சில நிமிடங்களில் புழு மண்ணுக்குள் புதைந்து கூடு கட்டிக்கொள்ளும். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து அந்தக் கூட்டிலிருந்து ஈ வெளியே வரும். காட்டில் வாழும் ஒரு தாய் ஈ தன் வாழ்நாளில் பத்துப் பிள்ளைகள் பெற்றாலே பெரிது. ஒரே தடவையில் நூறு முட்டை இடும் கொசுவோடு ஒப்பிட்டால், இப்படி ஒரு பூச்சி பிழைத்திருப்பதே வியப்பு.

மெல்லப் பெருகும் பூச்சி என்பதால் அதன் தேவைகளில் விட்டுக்கொடுப்பு கிடையாது. வெயில் படாத மண், இளைப்பாற ஒரு மரத்தண்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ரத்தம். ஆண், பெண் இரண்டுமே ரத்தம் குடிப்பவை. வார்ட்ஹாக் என்னும் காட்டுப்பன்றி, புதர்ப்பன்றி, ஆப்பிரிக்கக் காட்டெருமை, குடு மான் ஆகியவற்றின் ரத்தம் அதற்கு மிகவும் பிடிக்கும். புதரை வெட்டினாலும் சரி, இந்த விலங்குகளை ஒழித்தாலும் சரி, அந்த வட்டாரத்தில் ஈயின் கதை முடிந்தது.

இந்த ஈ சுமந்துவரும் ட்ரிப்பனசோமா என்ற ஒற்றைச் செல் உயிரி காட்டு விலங்குகளின் ரத்தத்தில் பெரிய தொந்தரவு செய்யாமல் குடியிருக்கும். மாட்டுக்குள் போனால் நகானா நோய். மாடு ரத்தம் சுண்டி, எலும்பும் தோலுமாகிச் சாகும். மனிதருக்குள் போனால் தூக்க வியாதி. டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் 1895இல் ஜூலூ நாட்டின் உபோம்போ மலையில் மாடுகளின் ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, நகானாவுக்கும் ஈக்கும் உள்ள தொடர்பை நிறுவினார். அதற்குப் பிறகு ஐரோப்பியர்கள் ஆப்பிரிக்காவின் வரைபடத்தில் 'ஈ மண்டலங்கள்' குறிக்கத் தொடங்கினார்கள். ஆங்கிலேயர் ஆண்ட டாங்கன்யிகாவில், அதாவது இன்றைய டான்சானியாவின் பெருநிலப் பகுதியில், பாதிக்கு மேற்பட்ட நிலம் இந்த மண்டலங்களுக்குள் வந்தது.

அங்கே மனிதர் குறைவு, மாடு இல்லை, காட்டு விலங்குகள் ஏராளம். ஈ இருப்பதால் மனிதர் வரவில்லை என்று அதிகாரிகள் எழுதினார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வரைபடங்கள் எல்லாமே 1900ஐ ஒட்டியும் அதற்குப் பிறகும் வரையப்பட்டவை. இருபது ஆண்டு முன்னால் அங்கே யார் இருந்தார்கள் என்ற கேள்வியை மிகச் சிலரே கேட்டார்கள்.

கேட்டவர்களில் ஒருவர் சார்ல்ஸ் ஸ்வின்னர்ட்டன். பிற்காலத்தில் டாங்கன்யிகாவின் செட்சி ஆராய்ச்சித் துறைக்குத் தலைவரானவர். ஒரு செட்சி இனத்துக்கே அவர் பெயர்தான் இருக்கிறது. போர்ச்சுக்கீசியர் வசமிருந்த மொசாம்பிக்கின் மொசுரீஸ் பகுதியில் ஈ பரவிக்கொண்டிருந்தது. அங்கே சுற்றி, 1921இல் அவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். பூச்சியை ஆராயப் போனவர் ஊர்க் கிழவர்களிடமும் உட்கார்ந்து பேசினார். அவர்கள் சொன்னது, தங்கள் அரசர் உம்ஸிலா ஈயை விரட்டிய கதை. 1860களிலிருந்து 1884 வரை அந்த வட்டாரத்தின் காசா நாட்டை ஆண்டவர் அவர். ஈ மொய்த்துக் கிடந்த காட்டுக்குள் குடிகளை நெருக்கமாகக் குடியேற்றினார். ஊருக்கு ஊர் கொல்லைகள் தொட்டுக்கொண்டு கிடந்தன. விறகுக்கும் விவசாயத்துக்கும் புதர் வெட்டப்பட்டது. பன்றியும் எருமையும் வேட்டையாடப்பட்டன. ஈ பின்வாங்கியது. மாடுகள் பெருகின.

உம்ஸிலாவின் மகன் குங்குன்யானா, போர்ச்சுக்கீசியரின் நெருக்கடியும் அரசியல் கணக்குகளும் சேர்ந்து துரத்த, 1889இல் தலைநகரைத் தெற்கே வெகுதூரம் மாற்றினார். பெருங்கூட்டமாக மக்களும் அவரோடு போனார்கள். கொல்லைகள் தரிசாகின, தரிசில் புதர் ஏறியது, புதருக்குள் பன்றி வந்தது, பன்றியின் பின்னால் ஈ வந்தது. 1895இல் போர்ச்சுக்கீசியர் குங்குன்யானாவைச் சிறைபிடித்து அட்லாண்டிக் தீவுக்கு நாடுகடத்தினார்கள். 1906இல் அங்கேயே அவர் இறந்தார். ஸ்வின்னர்ட்டன் கண்ட ஈக்காடு, கிழவர்களின் நினைவில் ஊர்களாக இருந்த நிலம்.

நம்மூரில் நான்கு ஆண்டு உழாமல் விட்ட நிலத்தில் சீமைக்கருவேலம் எப்படி அடைத்துக்கொள்ளும் என்று ராமநாதபுரத்துக்காரர்களுக்குத் தெரியும். ஏறக்குறைய அதுதான் அங்கேயும் நடந்தது, ஒரு கண்டத்தின் பாதி அளவில்.

வெக்கை வந்த ஆண்டுகள்

1887இல் செங்கடலோரம் மசாவா துறைமுகத்தைப் பிடித்துவைத்திருந்த இத்தாலியப் படை, தன் தேவைக்கு வெளிநாட்டு மாடுகளைக் கப்பலில் இறக்கியது. அவற்றில் இந்திய மாடுகளும் இருந்தன என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. கூடவே வெக்கை நோயும் இறங்கியது. தமிழ்நாட்டில் மாடு வளர்த்த முந்தைய தலைமுறைக்கு இந்தப் பெயரைச் சொன்னாலே போதும்: காய்ச்சல், வாய்ப்புண், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, பிறகு நிற்காத கழிச்சல். ஒரு வாரம், பத்து நாளில் மாடு விழுந்துவிடும். மனிதரைத் தாக்கும் தட்டம்மைக் கிருமிக்கு நெருங்கிய உறவான வைரஸ் அது. ஆசிய மாடுகள் அதோடு நெடுங்காலம் மோதிப் பழகியவை. சஹாராவுக்குத் தெற்கே இருந்த மாடுகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

எத்தியோப்பியாவில் உழவு மாடு செத்ததால் உழவு நின்றது. 1888இல் தொடங்கிய பஞ்சம் நான்கு ஆண்டுகள் நீடித்தது. 1890, 1891இல் நோய் கிழக்கு ஆப்பிரிக்க மாசாய்களின் மேய்ச்சல் நிலத்தைத் தாண்டியது. 1896இல் ஜாம்பெசி ஆற்றைக் கடந்தது. அதைத் தடுக்கத் தெற்கே ஆயிரம் மைல் நீளத்துக்கு முள்வேலி போட்டுக் காவல் வைத்தார்கள். வைரஸ் வேலியைத் தாண்டி 1897இல் கேப் காலனியை எட்டியது. பல இடங்களில் பத்து மாட்டுக்கு ஒன்பது செத்தது. காட்டெருமை, வில்டிபீஸ்ட், ஒட்டகச்சிவிங்கி, குடு, பன்றி என்று காட்டிலும் அதே சாவு.

ஆஸ்திரியப் பயணி ஓஸ்கார் பவுமான் 1892 மார்ச்சில் கொரங்கோரோ எரிமலைக் குழிக்குள் இறங்கினார். அந்தப் பயணத்தில் அவர் எதிர்கொண்டது பட்டினியில் எலும்புக்கூடாகிப்போன மாசாய்ப் பெண்களும் குழந்தைகளும். பாலையும் ரத்தத்தையும் இறைச்சியையும் மாட்டிடமிருந்தே பெற்று வாழ்ந்த சமூகம் அது. மாட்டுக்கு வெக்கை, மனிதருக்குப் பெரியம்மை. மாசாய்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இறந்திருக்கக்கூடும் என்பது பவுமானின் கணக்கு. அது சற்று மிகையாகவே இருந்தாலும், ஒரு சமூகத்தின் இடுப்பு முறிந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. 1872இல் பிரேசில் கப்பலில் அங்கோலாவில் இறங்கிய மணல் தெள்ளும் இதே காலத்தில் கண்டத்தைக் குறுக்காகக் கடந்து கிழக்குக் கரைக்கு வந்துசேர்ந்தது. கால் விரலுக்குள் துளைத்துப் புண்ணாக்கும் அந்தப் பூச்சி, பலரைக் கொல்லையில் கால் ஊன்ற முடியாதவர்களாக்கியது.

வெக்கையை யாரும் திட்டமிட்டுக் கொண்டுவரவில்லை. ஆனால் அதனால் லாபம் அடைந்தவர்கள் அதை மறைக்கவும் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆங்கிலேய ஆட்சிக்கு வழி போட்ட லுகார்ட், மேய்ச்சல் சமூகங்களின் செருக்கை இந்த நோய் அடக்கியதால் வேலை எளிதானது என்று தானே எழுதிவைத்திருக்கிறார்.

இதற்குப் பிறகு நிலத்தில் நடந்ததை ஒரு வேலங்கன்றின் உயரத்தில் குனிந்து பார்க்கலாம். டான்சானியாவின் செரங்கெட்டி போன்ற புல்வெளியில் கன்று மரமாவதற்கு மூன்று கண்டங்களைத் தாண்ட வேண்டும். ஒன்று நெருப்பு, மேய்ச்சல்காரரும் வேட்டைக்காரரும் ஆண்டுதோறும் வைக்கும் புல் தீ. இரண்டாவது வாய், ஆடும் மானும் துளிரைக் கடிக்கும். மூன்றாவது யானை. 1890களில் இவை மூன்றும் ஒரே சமயத்தில் விலகின. தீ வைக்க ஆளில்லை. கடிக்கும் விலங்குகளை வெக்கை கொன்றது. தந்த வியாபாரம் யானைகளை அதற்கு முன்பே அழித்திருந்தது. செரங்கெட்டி, மாரா பகுதியில் முதிர்ந்த வேல மரங்களில் பெரும் பங்கு ஏறத்தாழ ஒரே காலத்தில், அந்தப் பேரழிவை ஒட்டி முளைத்தவை என்று ஹாலி டப்ளின், ஏ.ஆர்.இ. சின்க்ளேர் ஆகிய சூழலியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்த மர நிழலில்தான் ஈ பிள்ளை பெற்றது.

இதில் ஒரு திருப்பமும் உண்டு. வெக்கை முதலில் ஈயையும் பட்டினி போட்டது. ரத்தம் கொடுக்கும் விலங்கே இல்லாததால் பல இடங்களில் ஈ மறைந்தது. லிம்போப்போ ஆற்றுக்குத் தெற்கே அப்போது மறைந்த புல்வெளிச் செட்சி பிறகு திரும்பவே இல்லை. மற்ற இடங்களில், மாடும் மனிதரும் தலையெடுப்பதற்குள் பன்றியும் காட்டெருமையும் பெருகிவிட்டன. இந்தப் பந்தயத்தில் காடு முந்திக்கொண்டதுதான் அடுத்த அறுபது ஆண்டுகளின் நில வரைபடத்தைத் தீர்மானித்தது.

அமெரிக்க எழுத்தாளர் ஸ்டூவர்ட் எட்வர்ட் வைட் 1913இல் துப்பாக்கியோடு செரங்கெட்டி வடக்கில் நடந்தார். ஆள் அரவமற்ற, சிங்கங்கள் நிறைந்த புத்தம் புதிய நாடாக அது அவருக்குத் தெரிந்தது. பவுமான் அந்தப் பக்கம் போய் இருபத்தொரு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

பன்றியும் போரும்

டாங்கன்யிகா ஆங்கிலேயர் கைக்கு வருமுன் அதை ஆண்ட ஜெர்மானியர் காலத்தில் ஆட்சியின் கை இன்னும் நேரடியாக இருந்தது. வேட்டைக்குக் கட்டுப்பாடு, துப்பாக்கி பறிமுதல், பருத்தி போடக் கட்டாய வேலை. ஆண்கள் பருத்திக் காட்டுக்குப் போனால் இரவில் சோளக் கொல்லைக்குக் காவல் யார்? பன்றி இறங்கியது. கடற்கரையை ஒட்டிய உசராமோ பகுதியில் காட்டுப்பன்றித் தொல்லையும் பஞ்சமும் ஜெர்மானிய ஆட்சிக்கு எதிரான மஜி மஜி எழுச்சிக்கு எப்படி எண்ணெய் வார்த்தன என்பதை வரலாற்றாசிரியர் தாடியஸ் சன்சேரி விரிவாக எழுதியிருக்கிறார். தாளில் போட்ட ஒரு வேட்டைச் சட்டம் சோளக்கதிரில் போய் முடியும் விதத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

எழுச்சி 1905 ஜூலையில் மட்டும்பி மலைப் பகுதியில் பருத்திச் செடிகளைப் பிடுங்கி எறிந்ததில் தொடங்கியது. ஜெர்மானியப் படை போர்க்களத்தில் வென்றதைவிடக் களஞ்சியத்தில் வென்றது அதிகம். ஊர்களை எரித்தார்கள், தானியத்தைப் பறித்தார்கள், விதைக்கவிடாமல் துரத்தினார்கள். 1907க்குள் இரண்டரை லட்சம் முதல் மூன்று லட்சம் பேர் வரை இறந்ததாக மதிப்பீடுகள் சொல்கின்றன, பெரும்பாலோர் பசியால். தென்கிழக்கில் ஊர் ஊராகக் காலியான இடத்தில் மியோம்போ காடு திரும்பி வளர்ந்தது, யானைகள் வந்தன. அந்த வட்டாரத்தில் ஜெர்மானியர் குறித்து வைத்திருந்த வேட்டைக் காப்பிடங்களை ஆங்கிலேயர் 1922இல் ஒன்றாக்கி, முதல் உலகப் போரில் அங்கே சுடப்பட்டு இறந்த வேட்டைக்காரர் ஃபிரெடரிக் செலூவின் பெயரைச் சூட்டினார்கள். 1940களில் லிவாலே மாவட்டத்தில் தூக்க வியாதியையும் யானைத் தொல்லையையும் காரணம் காட்டி, எஞ்சியிருந்த பல்லாயிரம் பேரை வெளியேற்றிக் காப்பகத்தை விரித்தார்கள். ஏறத்தாழ 50,000 சதுர கி.மீ. ஆன அது 1982இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆப்பிரிக்காவின் கடைசிக் கன்னிக் காடுகளில் ஒன்று என்று சுற்றுலாப் பிரசுரங்கள் அதை இன்றும் அழைக்கின்றன.

வெளியேற்றுவது மருத்துவ நடவடிக்கையாகவும் வந்தது. உகாண்டாவில் 1901இல் மெங்கோ மருத்துவமனையில் முதலில் அடையாளம் காணப்பட்ட தூக்க வியாதி, இருபது ஆண்டுகளில் இரண்டரை லட்சம் பேரைக் கொன்றது. ஆளுநர் ஹெஸ்கெத் பெல் 1906இலிருந்து விக்டோரியா ஏரிக்கரையில் இரண்டு மைல் அகலத்துக்கு யாரும் குடியிருக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். 1909இல் செசே தீவுகளிலிருந்தும் மக்களை ஏற்றி வந்தார்கள். மனிதரை அகற்றினால் ஈயிடமிருந்து கிருமி தானாக வற்றிவிடும் என்பது கணக்கு. அன்று இருந்த அறிவில் அது முட்டாள்தனமான கணக்கு என்று சொல்ல முடியாது. உயிர்கள் பிழைக்கவும் செய்தன. ஆனால் கணக்கில் ஒரு மான் விடுபட்டிருந்தது. ஹேல் கார்ப்பென்டர் என்ற இளம் மருத்துவர் காலியான தீவுகளில் தங்கி ஈக்களைப் பிடித்து ஆராய்ந்தபோது, மனிதர் போய் ஆண்டுகள் ஆன பின்னும் ஈக்களில் கிருமி இருந்தது. வேட்டைக்காரர் இல்லாத தீவில் சிட்டாடுங்கா என்ற சதுப்பு நில மான் பெருகி, அதன் ரத்தத்தில் கிருமி பத்திரமாக இருந்தது. 1920 வாக்கில்தான் செசே மக்கள் திரும்ப முடிந்தது.

எல்லோருக்கும் அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. புன்யோரோ அரசர் கபலேகாவுக்கு எதிராக 1893 முதல் 1899 வரை நடந்த போர் ஏற்கெனவே அந்நாட்டைச் சூறையாடியிருந்தது. அதன் வட பகுதியைத் தூக்க வியாதியின் பெயரால் காலிசெய்து, 1910இல் வேட்டைக் காப்பிடமாக்கினார்கள். 1952இல் அது மர்ச்சிசன் அருவித் தேசியப் பூங்கா. எட்வர்ட் ஏரிக்கரையில் இதே போலக் காலியாக்கிய நிலத்தில் அதே ஆண்டு இன்னொரு பூங்கா. எலிசபெத் ராணியின் பெயர் அதற்கு.

யார் முதலில்

இந்தத் துண்டுகளை ஒரே சங்கிலியாகக் கோத்தவர் ஜான் ஃபோர்டு. காலனியாட்சியின் செட்சி துறையிலேயே வாழ்நாளைக் கழித்த ஆங்கிலேயப் பூச்சியியலாளர். 1971இல் வெளிவந்த அவருடைய பெரிய நூல், தம் சொந்தத் துறை தலைகீழாக நின்று பார்த்தது என்கிறது. ஆப்பிரிக்கக் குடிகள் ஈயை ஒழிக்கவில்லை. அதை எல்லையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையில் ஆளில்லாக் காடு ஒரு பட்டையாக இருக்கும். அதில் வேட்டைக்கும் தேனுக்கும் போவார்கள். அந்தச் சிறு தொடர்பால் மனிதருக்கும் மாட்டுக்கும் ஓரளவு எதிர்ப்பாற்றலும் கிடைத்தது. காலனியாட்சி கொண்டுவந்த நோயும் போரும் அந்த ஒழுங்கை உடைத்தன. பிறகு, உடைந்து கிடந்ததையே ஆப்பிரிக்காவின் இயற்கை நிலை என்று எடுத்துக்கொண்டு, அதைச் சீர்திருத்த நிபுணர்கள் வந்தார்கள்.

நார்வேக்காரரான ஹெல்கே ஷெக்ஷுஸ் 1977இல் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். 19ஆம் நூற்றாண்டு டான்சானியா இயற்கையை முழுக்கக் கையில் வைத்திருந்த செழிப்பான நாடு என்பது அவர் சித்திரம். ஜான் இலிஃப் முதலிய வரலாற்றாசிரியர்கள் இதை ஏற்கவில்லை. அடிமை வியாபாரமும் உள்நாட்டுப் போர்களும் அதற்கு முன்பே ஊர்களைக் காலிசெய்துகொண்டிருந்தன. மறுப்பில் நியாயம் இருக்கிறது. கொரங்கோரோவுக்கு வடக்கே எங்காருகா என்ற இடத்தில் கல் வரப்புகளும் வாய்க்கால்களுமாக ஏறத்தாழ 2,000 ஹெக்டேர் பாசன நிலம் கைவிடப்பட்டுக் கிடக்கிறது. அதை விட்டு மக்கள் போனது 18ஆம் நூற்றாண்டில், ஐரோப்பியர் யாரும் எட்டிப் பார்க்காத காலத்தில். பாழூர் ஒவ்வொன்றுக்கும் வெள்ளைக்காரனைக் காரணம் காட்ட முடியாது. ஆனாலும் 1890 முதல் 1920 வரையான முப்பது ஆண்டுகளின் வேகமும் பரப்பும் வேறு. முந்தைய காலங்களில் காலியான ஊரை அடுத்த தலைமுறை மீட்டது. இப்போது காலியான ஊருக்குச் சட்டம் பூட்டுப் போட்டது. உம்ஸிலாவும் ஆங்கிலேயரும் மக்களை ஒன்றாகக் குவித்தவர்களே. உம்ஸிலா ஈக்காட்டுக்குள் குவித்தார், ஆங்கிலேயர் ஈக்காட்டை ஈக்கே விட்டுவிட்டு வெளியே குவித்தார்கள். ஃபோர்டு பக்கமே நான் சாய்கிறேன்.

ஈயை எதிர்த்து அரசு நடத்திய போரும் நிலத்தை மாற்றியது. தெற்கு ரொடீசியாவில் ஈக்கு உணவில்லாமல் செய்ய லட்சக்கணக்கான காட்டு விலங்குகளைச் சுட்டுத் தள்ளினார்கள். டாங்கன்யிகாவின் ஷின்யாங்காவில் ஸ்வின்னர்ட்டனின் காலத்தில் ஊராரைத் திரட்டி மைல் கணக்கில் மரங்களை வெட்டினார்கள்; ஈ போனது, மண்ணும் போனது. 1980களில் டான்சானிய அரசு அங்கே மீண்டும் மரம் வளர்க்கத் திட்டம் போட வேண்டியிருந்தது. அதில் பலன் தந்தது, கோடைக்கு மேய்ச்சல் ஒதுக்கிவைக்கும் சுகுமா மக்களின் பழைய ங்கிட்டிலி முறை.

வெக்கையின் கதை நல்லபடியாக முடிந்தது. இந்தியாவில் அது கடைசியாகக் காணப்பட்டது 1995இல். உலகில் கடைசியாக 2001இல், கென்யாவின் காட்டெருமைகளில். 2011இல் அது ஒழிந்ததாக அறிவித்தார்கள். மனிதர் முற்றாக ஒழித்த நோய்களில் பெரியம்மைக்கு அடுத்து இது ஒன்றுதான். செரங்கெட்டியைச் சுற்றிய மாடுகளுக்கு ஊசி போட்டதும் காட்டிலும் 1963 வாக்கில் நோய் மறைந்தது. 1961இல் இரண்டரை லட்சத்தை ஒட்டியிருந்த வில்டிபீஸ்ட் 1977இல் 13 லட்சம் ஆனது. அவை புல்லை மேய்ந்து தீர்த்ததால் தீ குறைந்தது, மரங்கள் மறுபடி ஏறின. உலகம் தொலைக்காட்சியில் பார்க்கும் அந்த மாபெரும் இடப்பெயர்ச்சி, இன்றைய அளவில், ஒரு மாட்டுத் தடுப்பூசிக்குப் பிறகு வந்த காட்சி. காலம் காலமாக இப்படியே இருந்தது என்று வர்ணனையாளர் சொல்லும்போது வாசகர் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

செரங்கெட்டி 1951இல் தேசியப் பூங்காவானது. ஜெர்மானிய விலங்கியலாளர் பெர்ன்ஹார்ட் கிர்ஸிமெக்கும் அவர் மகனும் எடுத்த ஆவணப்படம் 1959இல் வெளிவந்து ஆஸ்கரும் வாங்கியது. தேசியப் பூங்காவில் மனிதருக்கு, ஆப்பிரிக்கருக்கும்கூட, இடமில்லை என்பது கிர்ஸிமெக்கின் உறுதியான நிலைப்பாடு. அதே 1959இல் மாசாய்களைச் செரங்கெட்டியிலிருந்து வெளியேற்றி, பதிலுக்குக் கொரங்கோரோவில் மாட்டோடு வாழும் உரிமை தந்தார்கள். இரண்டு ஆண்டில் நாடு விடுதலை பெற்றது. 2022 முதல் கொரங்கோரோ மாசாய்களைப் பல நூறு கி.மீ. தள்ளி, ஹண்டேனி மாவட்டத்தின் ம்சோமேராவுக்கு அனுப்பும் வேலையை டான்சானிய அரசு தொடங்கியது. அந்த ஆண்டு ஜூனில் செரங்கெட்டியை ஒட்டிய லொலியொண்டோவில் 1,500 சதுர கி.மீ. மேய்ச்சல் நிலத்துக்குக் காவல்துறை எல்லைக்கல் நட்டது. அதற்குள் மாடு மேய்க்கக் கூடாது என்று தடை விதித்தார்கள்.